சூசனிலிருந்து ரோஸுக்கு 24 ஆண்டுகள்

ஒரு டாலர் கொடுத்தால் சூசனிடம் கேள்வி கேட்கலாம். எந்த வருஷத்தின் எந்தத் தேதியைச் சொன்னாலும், அது என்ன கிழமை என்று எட்டு வயதுச் சூசன் பட்டென்று சொல்லிவிடுவாள். காதில் விழுந்த பாட்டைப் பியானோவில் அப்படியே வாசிப்பாள். மற்றபடி யாரிடமும் பேசுவதில்லை; யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தெருப் பையன் ஒருவன் இதை வைத்துக் கல்லா கட்டுகிறான். பிள்ளைகள் டாலரை நீட்டித் தேதி கேட்டுவிட்டுப் போகிறார்கள். சூசனோடு பழக இவ்வளவு பேர் வருகிறார்களே என்று அவளைப் பார்த்துக்கொள்ளும் 13 வயது கிறிஸ்டிக்கு ஒரே பூரிப்பு. விஷயம் தெரிந்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

ஆன் எம். மார்ட்டின் எழுதிய ‘பேபி சிட்டர்ஸ் கிளப்’ வரிசையின் 32-ஆவது புத்தகக் கதை இது. வெளிவந்தது 1990-இல். பெரியவர்கள் வெளியே போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்கச் சிறுமிகளின் கதைகள்தான் இந்த வரிசை முழுவதும். உலகம் முழுக்க 17 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது. ஆட்டிசம் என்ற சொல்லை அந்தத் தலைமுறைச் சிறுமிகளில் பலர் முதலில் படித்தது மருத்துவப் புத்தகத்திலா இருக்கும்? இந்த மெலிந்த காகித அட்டைப் புத்தகத்தில்தான் படித்திருப்பார்கள்.

கதையின் முடிவு இன்று படித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. சூசனை விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன் அக்கம்பக்கத்துக் குழந்தைகளோடு அவளைச் சேர்த்துக் காட்டி, வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்று நிரூபிக்கக் கிறிஸ்டி ஒரு மாதம் பாடுபடுகிறாள். முடியவில்லை. பெற்றோர் முடிவுதான் சரி என்று கடைசியில் அவளே ஏற்றுக்கொள்கிறாள். சூசனின் அம்மா மறுபடி கர்ப்பமாக இருக்கிறார். பிறக்கப்போகும் பெண்ணுக்கு வைத்திருக்கும் பெயரின் பொருள் ‘நம்பிக்கை’. எழுதியவர் அதை ஆறுதலாக நினைத்து எழுதியிருக்கலாம். மூத்தவளின் இடத்தில் நின்று பார்த்தால் அந்தப் பெயர் சுடும். இதில் ஒரு விநோதமும் உண்டு. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் ஆட்டிசம் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டது இதே 1990-இல்தான்.

தெரியாமல் எழுதியவர் என்று மார்ட்டினை ஒதுக்கிவிட முடியாது. கல்லூரிக் காலத்துக் கோடை விடுமுறைகளில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்தவர். சூசனுக்கு ஆறு வருஷம் முன்பே, 1984-இல், ‘இன்சைட் அவுட்’ என்றொரு நாவல் எழுதியிருக்கிறார். அதில் 11 வயது அண்ணன் தன் நாலு வயதுத் தம்பியைப் பற்றிச் சொல்கிறான். வீட்டைத் தலைகீழாக்கும் தம்பி, பள்ளியில் தலைநிமிர்ந்து நடக்க ஆசைப்படும் அண்ணன். பத்தாயிரம் குழந்தைகளில் நாலைந்து பேருக்குத்தான் ஆட்டிசம் என்று மருத்துவ உலகம் சொல்லிவந்த காலம் அது. குழந்தை இப்படி ஆனதற்குத் தாயின் பாசக்குறைவே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் ஒரு தடிமனான புத்தகமே போட்டு, அதை நம்பிய தாய்மார்கள் குற்றவாளிகளாகத் தலைகுனிந்து நடந்த காலத்துக்கும் அது வெகுதூரமில்லை. குழந்தைகள் புத்தகத்தில் இந்த விஷயத்தைத் தொட்டதே அன்றைக்குத் துணிச்சல்.

முதல் புத்தகத்தில் அண்ணன் பேசினான். இரண்டாவதில், கூலிக்குப் பார்த்துக்கொள்ள வந்தவள் பேசினாள். மூன்றாவது புத்தகம் ‘ரெயின் ரெய்ன்’. அதற்கு வாசகர்கள் 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் பேசுவது ரோஸ்.

ரோஸ் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரே ஒலியும் வேறு வேறு எழுத்தும் கொண்ட சொற்கள் என்றால் அவளுக்கு உயிர். பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். பகா எண்கள் பிடிக்கும். சட்டம் என்றால் சட்டம். முன்னால் போகும் வண்டிக்காரர் சிக்னல் போடாமல் திரும்பினால் பள்ளிப் பேருந்தில் இருந்தபடியே கத்துவாள்; அதனாலேயே பேருந்தில் அவளுக்கு இனி இடமில்லை. அம்மா இல்லை. அப்பா மெக்கானிக் ஷெட்டில் எப்போதாவது வேலைக்குப் போவார். மற்ற நேரம் மதுக்கடை. பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது சித்தப்பா. மழையில் அலைந்த ஒரு நாயை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அதற்கு ‘மழை’ என்று பெயர் வைக்கிறாள். ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு மூன்று எழுத்து வடிவங்கள் இருப்பது அவளுக்கு இரட்டிப்புச் சந்தோஷம்.

புயலடித்த நாளில் அப்பா கழுத்துப்பட்டை இல்லாமல் நாயை வெளியே விட்டுவிடுகிறார். நாய் திரும்பவில்லை. எத்தனை மைல் சுற்றளவில் எந்தெந்தக் காப்பகங்கள் இருக்கின்றன என்று ரோஸ் வரைபடம் வைத்துப் பட்டியலிடுகிறாள், ஒவ்வொன்றாகப் போன் செய்கிறாள். பெரியவர்கள் எந்தக் குணத்தை அவளிடம் குறை என்றார்களோ அதே குணம்தான் நாயைக் கண்டுபிடித்துத் தருகிறது. அதோடு கதை முடிந்திருந்தால், ‘ஆட்டிசக் குழந்தைக்குள் ஒரு அபூர்வ சக்தி’ என்ற பழைய ரெக்கார்டாகப் போயிருக்கும். மார்ட்டின் அங்கே நிறுத்தவில்லை. நாயின் தோலுக்கடியில் இருக்கும் சிப் அதற்கு வேறு உரிமையாளர் இருப்பதைக் காட்டுகிறது. யாரும் கேட்கவில்லை, அப்பா வேண்டாம் என்கிறார். ஆனாலும் ரோஸ் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து நாயைக் கொடுத்துவிடுகிறாள். சட்டம் அவளுக்கும் சேர்த்துத்தானே.

தேதி சொல்லும் சூசன் பிறர் பார்க்க ஒரு வேடிக்கை. பட்டியல் போடும் ரோஸுக்கு ஆசை இருக்கிறது, இழப்பு இருக்கிறது, சொந்தமாக எடுத்த ஒரு முடிவும் இருக்கிறது. 24 வருஷத்தில் மாறியது இதுதான். ஆட்டிசம் பற்றிய குழந்தைகள் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்: அந்தக் குழந்தைக்கு ஏதாவது வேண்டியிருக்கிறதா? இல்லை, மற்றவர்களை நல்லவர்களாக்கத்தான் அது கதைக்குள் வந்திருக்கிறதா?

அக்காவின் கோபம்

அதற்காக அண்ணன், அக்கா சொல்லும் கதைகளை எடைக்குப் போட்டுவிட வேண்டியதில்லை. அவர்கள் சொல்வதும் வீட்டுக்குள் நடப்பதுதான். சொல்ல விடுவதில்லை, அவ்வளவே.

இந்த வகையில் மிகச் சிறந்தது என்று நான் கருதுவது சிந்தியா லார்ட் எழுதிய ‘ரூல்ஸ்’. 2006-இல் வந்தது, மறு ஆண்டு நியூபெரி கௌரவ விருதும், மாற்றுத்திறன் பற்றிய சிறார் நூல்களுக்கான ஷ்னைடர் குடும்ப விருதும் பெற்றது. லார்டின் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. ஆனால் கதையைச் சொல்வது அம்மா இல்லை. கேத்தரின் என்ற 12 வயது அக்கா. தம்பி டேவிட்டுக்கு எட்டு வயது. அவனுக்காக அக்கா ஒரு நோட்டில் விதிகள் எழுதிவைக்கிறாள். மீன்தொட்டிக்குள் பொம்மை போடுவதிலிருந்து, அடுத்தவர் வீட்டில் போய் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பது வரை. டேவிட்டுக்குச் சொந்தமாக வாக்கியம் அமைப்பது கடினம். அர்னால்ட் லோபலின் தவளைக் கதைகளில் வரும் வரிகளை மனப்பாடமாக வைத்திருந்து, சமயத்துக்கு ஏற்றதை எடுத்துப் பேசுகிறான். நம்மூரில் டிவி விளம்பர வசனத்தையும் வடிவேலு வசனத்தையும் வைத்தே பசி, கோபம், பயம் எல்லாவற்றையும் சொல்லும் குழந்தைகளை அறிந்தவர்களுக்கு டேவிட்டை உடனே அடையாளம் தெரியும். ‘சும்மா கிளிப்பிள்ளை மாதிரி சொல்றான்’ என்று அலுத்துக்கொள்ளும் உறவினர்கள், அவன் எந்த வசனத்தை எப்போது சொல்கிறான் என்று ஒரு நாள் கவனித்தால் போதும்.

டேவிட்டின் அப்பா மாலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னால் ஐந்து மணிக்கு வரமாட்டார். டேவிட்டுக்கு ஐந்து என்றால் ஐந்து. அழுகை, ஆர்ப்பாட்டம். அதைச் சமாளிப்பது யார்? அக்காதான். ஆட்டிசம் உள்ளவன் டேவிட். ஆனால் சொன்ன சொல் தவறுகிறவர் அப்பா. இதை லார்ட் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளைக்கு அது தானாக உறைக்கும்.

புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் முன்னால் தம்பி மானத்தை வாங்கிவிடுவானோ என்று கேத்தரினுக்குப் பயம். அந்தப் பயம் நம் வீடுகளில் வேறு உருவங்களில் உண்டு. ‘அப்பா அம்மாவுக்கப்புறம் அவனை யார் பார்த்துக்குவா?’ என்று பத்து வயதுப் பெண்ணிடமே கேட்பார்கள். ‘இப்படி ஒரு பிள்ளை இருக்குன்னா நாளைக்கு உனக்கு வரன் அமையுமா?’ என்பதை அவள் காதில் விழுகிற மாதிரி அடுப்படியில் பேசுவார்கள். அந்தப் பெண் பொறுமையின் சிகரமாக இருந்தாக வேண்டும். அவள் எரிந்து விழுந்தால், ‘நீ பெரியவதானே?’ இப்படி ஒரு பெண்ணிடம் ‘ரூல்ஸ்’ போன்ற ஒரு புத்தகம் போய்ச் சேர்ந்தால், தன் கோபம் பாவமில்லை என்று யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு இன்னும் பிடித்தவன் ஜேசன். சக்கர நாற்காலியில் வருபவன், பேச்சு கிடையாது. தெரபி சென்டரின் காத்திருப்பு அறையில் கேத்தரினுக்கு அறிமுகமாகிறான். அவனிடம் சொல்லட்டைகள் அடுக்கிய ஒரு புத்தகம் இருக்கிறது. அட்டையைத் தொட்டுத்தான் பேச வேண்டும். அதில் இருப்பதெல்லாம் பெரியவர்கள் போட்ட சாதுவான சொற்கள். கேத்தரின் அவனுக்குப் புது அட்டைகள் வரைந்து தருகிறாள். எரிச்சலைக் கொட்ட, கிண்டலடிக்க, ஆகா என்று வாய்பிளக்கச் சொற்கள். ‘சாப்பாடு’, ‘தண்ணீர்’, ‘பாத்ரூம்’ மட்டும் இருக்கிற பலகையை வைத்துக்கொண்டு ஒரு பையன் எப்படி நண்பன் பிடிப்பான்? ‘போடா’ வேண்டாமா?

அட்டைப் புத்தகத்தின் இடத்துக்கு இன்று டேப்லெட் வந்துவிட்டது. படத்தைத் தொட்டால் குரல் வரும் ‘ஆவாஸ்’ என்ற செயலி உருவானது நம் சென்னையில். உருவாக்கியவர் அஜித் நாராயணன். எம்.ஐ.டி.யின் தொழில்நுட்ப இதழ் இதற்காக 2011-இல் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. தமிழிலும் அது பேசும். அமெரிக்காவில் டிஃபனி ஹாமண்ட் 2023-இல் வெளியிட்ட ‘எ டே வித் நோ வேர்ட்ஸ்’ என்ற படக்கதையில் மகன் மட்டுமல்ல, அம்மாவும் டேப்லெட்டைத் தட்டித்தான் பேசுகிறாள். மகன் வாய்திறந்து பேச வேண்டும் என்று அவள் ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. ஹாமண்டும் ஆட்டிசம் உள்ளவர், பிள்ளைகளும் அப்படியே. அந்த வீட்டில் எது இயல்பு என்பதை வெளியிலிருந்து யாரும் தீர்மானிக்க முடியாது.

எழுதுகிற கை

மார்க் ஹேடனின் ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட் டைம்’ 2003-இல் பெரியவர்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று என இரண்டு பதிப்புகளாக வந்தது. அந்த ஆண்டின் விட்பிரெட் விருதைத் தட்டிச் சென்றது. 15 வயது கிறிஸ்டோபரின் குரல் உலகம் முழுக்க ஆட்டிசத்தின் குரலாகவே ஆகிப்போனது. ஹேடனோ, தான் இந்த விஷயத்தில் நிபுணன் இல்லை, பெரிதாக ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் புலி, மனிதர்களிடம் மரம் என்ற அச்சில் அதற்குப் பிறகு எத்தனை பிரதிகள்!

ஆட்டிசம் உள்ளவர்களே எழுத ஆரம்பித்ததும் இந்த அச்சு உடைந்தது. ஸ்காட்லாந்துக்காரரான எல் மெக்னிகோலின் ‘எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்’ 2020-இல் சின்னப் பதிப்பகம் ஒன்றிலிருந்து வந்து, மறு ஆண்டு ப்ளூ பீட்டர் விருதையும் வாட்டர்ஸ்டோன்ஸ் சிறார் நூல் பரிசையும் வாங்கியது. ஆடி என்ற 11 வயதுப் பெண், தன் கிராமத்தில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி வகுப்பில் கேள்விப்படுகிறாள். மற்றவர்களைப் போல இல்லாததால்தானே அவர்களைக் கொன்றார்கள் என்பது அவளுக்குச் சட்டென்று புரிகிறது. நினைவுச்சின்னம் வைக்க வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் மல்லுக்கு நிற்கிறாள். அங்கே சூனியச் சட்டம் 1563 முதல் 1736 வரை அமலில் இருந்தது. அதற்காக ஸ்காட்லாந்தின் அன்றைய முதல்வர் நிக்கோலா ஸ்டர்ஜன் 2022 மகளிர் தினத்தன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நாவல் வந்து இரண்டு வருஷம் கழித்து.

ஆடியின் அக்கா கீடிக்கும் ஆட்டிசம் உண்டு. கல்லூரியில் அதை வெளிக்காட்டாமல், மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்து, கண்ணைப் பார்த்துப் பேசப் பழகி, வீட்டுக்கு வந்ததும் துவண்டு விழுகிறாள். பெண் குழந்தைகளிடம் ஆட்டிசம் கண்டுபிடிக்கப்படாமலே போவதற்கு இந்த வேஷம் ஒரு முக்கியக் காரணம். நம் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியை நாம் வேறு தனியாகக் கொடுக்கிறோம். அடக்கமாக இரு, மாமாவுக்கு வணக்கம் சொல்லு, சிரிச்ச முகமா இரு. அமைதியாக ஒரு மூலையில் இருக்கும் பெண்ணைப் பார்த்து இங்கே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, பாராட்டுத்தான் கிடைக்கும். இதே சங்கதியை 2019-இல் வந்த ‘கேன் யூ சீ மீ?’ நாவலிலும் படிக்கலாம். எழுத்தாளர் ரெபெக்கா வெஸ்ட்காட்டோடு சேர்ந்து அதை எழுதிய லிபி ஸ்காட், ஆட்டிசம் உள்ளவள், அப்போது பள்ளி மாணவி. நாவலில் வரும் டைரிப் பக்கங்கள் அவள் கைவண்ணம்.

புத்தகங்களைச் சுற்றி ஒரு அரசியலும் நடக்கிறது. ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சிக்காரர்கள் 2015-இல் ஒரு மின் படக்கதையில் ஜூலியா என்ற ஆட்டிசம் உள்ள சிறுமியை அறிமுகப்படுத்தினார்கள். 2017 ஏப்ரலில் அவள் டிவிக்கு வந்தாள். அவளை ஆட்டுவித்த பொம்மலாட்டக் கலைஞர் ஸ்டேசி கார்டனின் மகனுக்கும் ஆட்டிசம் உண்டு. ஜூலியாவை வடிவமைக்க ஆலோசனை சொன்ன அமைப்புகளில் ஒன்று, ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் அமைப்பு. 2019-இல் அது செசமி ஸ்ட்ரீட்டோடு உறவை முறித்துக்கொண்டது. ஜூலியாவை வைத்து எடுத்த விளம்பரங்கள், குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிவதை ஒரு சாவு வீட்டுத் துக்கத்துக்கு ஒப்பிடும் கையேட்டின் பக்கம் பெற்றோரை அனுப்பின என்பது குற்றச்சாட்டு. எங்களுக்காக ஒப்பாரி வைக்காதீர்கள் என்று ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசம் உள்ளவர் பெற்றோர் மாநாட்டில் எழுந்து பேசியது 1993-இல். கால் நூற்றாண்டு கழித்தும் அதே சண்டை.

நம் அலமாரியில்

இந்தியச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடம் கிடைத்ததே தாமதமாகத்தான். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அது இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் சேர்த்துக்கொண்டது. 2016 சட்டம் பட்டியலை 21 வகைகளாக விரித்தபோது ஆட்டிசமும் உள்ளே வந்தது. சினிமாவில் 2013-இல் ‘ஹரிதாஸ்’ வந்தது. உருக்கமான படம். ஆனாலும் பையன் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தால்தான் நமக்கு நிம்மதி. சூசனுக்குப் பியானோ, இவனுக்கு ஓட்டம்.

தமிழில் இந்த விஷயத்தை விடாமல் எழுதிவருபவர் யெஸ். பாலபாரதி. ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ சிறார் நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றவர். ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ பெற்றோர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கிற புத்தகம். ‘துலக்கம்’ நாவலில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் காணாமல் போகிறான். கேட்டால் பெயர் சொல்லத் தெரியாத, போலீஸைக் கண்டால் மிரளும் பையனை இந்த ஊர் எப்படி நடத்தும் என்பதைப் படிக்கையில் வயிற்றைக் கலக்கும். இரண்டுமே பெரியவர்களுக்கானவை. எட்டு வயதுக்கும் பத்து வயதுக்கும் என்று நான் தேடினால், கையில் கிடைப்பவை பெரும்பாலும் விழிப்புணர்வுப் பாடங்கள். கடைசிப் பக்கத்தில் டீச்சர் வந்து, இவன் நம் நண்பன், அன்பாக இருக்க வேண்டும் என்று வகுப்பெடுப்பார். குழந்தைகள் அந்தப் பக்கம் வரும்போது புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடத்தான் வேண்டும்.

கதைக்கு என்ன பஞ்சம்? அத்தை கல்யாணம். பட்டுப்பாவாடை கட்டி, ஒரு வாரமாகக் காத்திருந்து, தாலி கட்டுவதைப் பார்க்க முன்வரிசையில் இடம் பிடித்திருக்கிறாள் அக்கா. கெட்டிமேளம் என்று யாரோ கை ஆட்டுகிறார்கள். தவிலும் நாயனமும் ஒரே நேரத்தில் அதிர, தம்பி காதைப் பொத்திக்கொண்டு அலற, அம்மா மேடையில், அப்பா பந்தியில். அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே ஓட வேண்டும். அட்சதை அவள் கையிலேயே இருக்கிறது. வெளியே ஐஸ்கிரீம் வண்டி ஓரத்தில் தம்பி சாந்தமாகிவிடுகிறான், ஜெனரேட்டர் சத்தத்தோடு சேர்ந்து முனகுகிறான். அவளுக்கோ அவனை ஒரு அறை அறையலாம் போல இருக்கிறது. இதைத் தம்பி பக்கத்திலிருந்தும் எழுதலாம்: எல்லோரும் விரும்பி வருகிற இந்த இடியை ஏன் யாரும் நிறுத்தவில்லை? அவன் தாத்தாவும் அஞ்சு வயசுலதான் பேசினார் என்று ஆறுதல் சொல்லும் பெரியம்மா, டிவி காட்டினதால் வந்த வினை என்று கண்டுபிடித்த மாமா எல்லோரும் இதில் வந்துபோகலாம், சிரிப்பாகவே.

அதுவரைக்கும் மொழிபெயர்ப்பு. எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேட்டால், விருது வாங்கியவற்றைத் தள்ளிவிட்டு எலானா கே. அர்னால்ட் 2017-இல் எழுதிய ‘எ பாய் கால்டு பேட்’ என்பேன். பேட் மூன்றாம் வகுப்புப் பையன். அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள். அப்பா வீட்டுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகள் அவனுக்கு ஒத்துவருவதில்லை. அக்காவோடு ஓயாத சண்டை. கால்நடை மருத்துவரான அம்மா ஒரு நாள், தாயில்லாத ஸ்கங்க் குட்டி ஒன்றைக் கொண்டுவருகிறார். காட்டு விலங்கு, கொஞ்ச நாளில் வனவிலங்கு மீட்பு மையத்துக்குப் போய்விடும். அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அம்மாவை எப்படிச் சம்மதிக்கவைப்பது என்பதுதான் பேட்டின் ஒரே கவலை. அவனுக்குச் சத்தம் ஆகாது, சில சாப்பாடு ஆகாது, கைகளை இறக்கை மாதிரி அடித்துக்கொள்வான். புத்தகம் முழுக்க ஆட்டிசம் என்ற சொல் ஒரு இடத்தில்கூடக் கிடையாது. யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை.

ஸ்கங்க் நம்மூரில் இல்லையே, பிள்ளைகளுக்குப் புரியுமா என்று பதிப்பாளர் யாராவது தயங்கக்கூடும். நம் பிள்ளைகள் டைனோசரையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.